முழங்காலுக்குக் கீழே இரண்டு கோடு

ஜீப்பின் உடம்பை உயர்த்துவது வேறு, அதன் அச்சை உயர்த்துவது வேறு. இது என் மச்சான் நஜீமுக்கு விளங்குவதற்கு ஒரு வெள்ளமும் நாற்பது சஹன் சோறும் தேவைப்பட்டன.

நஜீம் என் அக்காவை, நான் ராத்தா என்று கூப்பிடும் ஸுல்பிகாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பழைய டீசல் ஜீப்பையும் கொண்டுவந்தார். வீடு ராத்தாவுடையது, ஜீப் அவருடையது. அந்தக் கணக்கில் ஜீப்தான் அவருக்கு வீடு. பின்னேரங்களில் அதற்குள்தான் இருப்பார். போன வருஷம் ஸ்பிரிங்கில் ஒரு தட்டைக் கூட்டி, கீழே கட்டை வைத்து, உடம்பை மூன்று அங்குலம் தூக்கினார். டயர் மட்டும் பழைய இருபத்தொன்பது அங்குலமாகவே இருந்தது. மாட்டின் உடம்புக்கு ஆட்டின் கால் வைத்ததுபோல நின்றது வண்டி. நான் அதைச் சொன்னேன். அவர் என்னுடன் கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

ராத்தா சமைத்து விற்பவர். கல்முனையில் இரண்டு வங்கிகளுக்கும் ஓர் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கும் பகல் சாப்பாடு அவருடையது. இறந்தவர்களுக்காக ஓதும் சின்னக் கத்தங்களுக்கும் சமைப்பார். ஆனால் கலியாணச் சோறு அவர் கைக்கு வந்ததில்லை. அது பண்டாரிமாரின் தொழில், ஆம்பிளைகளின் தொழில். பண்டாரி கலியாண வீட்டு முற்றத்திலேயே அடுப்பு மூட்டுவார், கத்துவார், தேத்தண்ணீர் கேட்பார், சோற்றை இறக்குவார்.

இந்த மாரி மழையில் மத்தியமுகாம் பக்கம் அஸீஸா மாமியின் வீட்டு முற்றத்தில் வெள்ளம் ஏறியது. அவருடைய மகளின் கலியாணம் நெருங்கியிருந்தது. பேசிவைத்த பண்டாரி வந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, வத்தட்டும் பார்ப்போம் என்று போய்விட்டார். மாப்பிள்ளை கட்டாருக்குத் திரும்ப வேண்டியவன். வெள்ளம் வற்றும்வரை அவனுடைய முதலாளி பார்த்திருக்க மாட்டான். அஸீஸா மாமி ராத்தாவுக்கு போன் எடுத்தார்.

"புள்ள, உன்ட குசினியில ஆக்கி இஞ்ச கொண்டு வந்து தர ஏலுமா? நாப்பது சஹன்."

ராத்தா ஓம் என்றுவிட்டார். எப்படிக் கொண்டுபோவது என்று அதன் பிறகுதான் யோசித்தார்.

கலியாண வீட்டில் ஆட்களை உட்கார்த்திவிட்டுச் சோறு பிந்துவதைப் போல ஓர் அவமானம் எங்கள் ஊர்களில் இல்லை. பண்டாரிக்கு அப்படி நடந்தால் அடுத்த மாதம் வேறு ஊரில் அடுப்பு மூட்டுவார். ராத்தாவுக்கு அடுத்த மாதம் இல்லை. பொம்பிளைக்குக் கலியாணச் சோறு ஏலாது என்று சொல்லக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். அதில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்.

பாதை கிட்டங்கித் தாம்போதியால். தரையோடு தாழ்வாகப் போட்ட பாதை அது, மாரி பிறந்தால் அந்தத் தாம்போதிக்கு மேலால்தான் தண்ணீர் போகும். அம்பாறையால் சுற்றிப் போகும் பாதையையும் வெள்ளம் இரண்டு இடத்தில் அறுத்திருந்தது. தாம்போதியைத் தாண்டிய பிறகு அஸீஸா மாமியின் வீட்டுக்குப் போக வாய்க்கால் கரையின் மண்கட்டு ஒன்றில் ஏற வேண்டும். செங்குத்தான ஏற்றம், களிமண்.

"மெசின் பெட்டியில ஏத்துவோம்," என்றேன். டிராக்டர்தான் எங்களுக்கு உழவு மெசின், அதன் பின்னால் இழுபடுவது பெட்டி; அதற்குத் தண்ணீரும் ஒன்றுதான் தரையும் ஒன்றுதான்.

"போன மாரிக்கு அந்தக் கத்தத்துக்கு ஏத்தினதுதானே?" என்றார் ராத்தா. "பெட்டி முழுக்க ஆணம். கிடாரத்துக்குள்ள எலும்புதான் போய்ச் சேர்ந்த. ஒனக்கு மறந்து போச்சா?"

எனக்கு மறக்கவில்லை. அன்றைக்குப் பெட்டியில் கொட்டிய குழம்பைக் கழுவியவன் நான்.

"ஜீப் இரிக்கித்தானே," என்றார் நஜீம். மூன்று வருஷமாக அவர் காத்திருந்த நிமிஷம் அது. "டயர மட்டும் மாத்தினாச் சரி."

"எந்த டயர்?"

"முப்பத்தஞ்சு. பார்க்கிறவன் வாயப் பொளப்பான்."

"வாயப் பொளக்கிறவனா சோத்தக் கொண்டு போற? வண்டி கொண்டு போகணும்," என்றார் ராத்தா.

நான் முப்பத்தொன்று என்றேன். காரணமும் சொன்னேன். டயர் பெருத்தால் வண்டி உயரும், உண்மைதான். ஆனால் இயந்திரத்தின் பலம் அதேதான், அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரமும் அதேதான். பெரிய சில்லைச் சுற்றுவது சின்னப் பையன் வாப்பாவின் சைக்கிளை மிதிப்பதுபோல. சமதரையில் ஓடுவான். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவான். பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றினால் பரவாயில்லை. இந்தப் பழைய வண்டிக்குரிய சாமான் இந்தக் கரையில் ஒருவரிடமும் இல்லை, கொழும்பிலிருந்து வருவதற்குள் அந்தக் கலியாணப் பெண்ணுக்குப் பிள்ளையும் பிறந்துவிடும்.

"ஒனக்கு எப்பவும் சின்னதுதான் புடிக்கும்," என்றார் நஜீம்.

அவருக்கு போனில் ஒரு கூட்டம் உண்டு. நாடு முழுக்க ஜீப் வைத்திருப்பவர்கள் அதில் இரவு பகலாக ஒருவருக்கொருவர் புத்தி சொல்வார்கள். அதில் நஜீம் குரலைப் பதிந்து கேட்டார்: வண்டி மூன்று அங்குலம் தூக்கியது, நாற்பது சஹன் ஏற்றிக்கொண்டு ஒரு தாம்போதி தாண்ட வேண்டும், ஒரு கட்டு ஏற வேண்டும், அச்சின் கியர் மாற்றாமல் எந்த டயர் வரைக்கும் போடலாம்?

வவுனியாவிலிருந்து ஒருவன் பதில் அனுப்பியிருந்தான். முப்பத்திமூன்று போடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்கு மேலும் என்னவோ சொன்னான். நஜீம் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழும்பினார்.

காரைதீவில் கனகசபாபதி அண்ணன் பழைய டயர் விற்கிறார். எது விற்காமல் கிடக்கிறதோ அதைத்தான் அவர் நல்லதென்பார். ஆனாலும் முப்பத்தைந்தை அவரே வேண்டாம் என்றார். முஸ்லிம்களில் அண்ணனைக் காக்கா என்போம், அவரும் நஜீமை அப்படித்தான் கூப்பிடுவார்.

"காக்கா, முப்பத்தஞ்சப் போட்டீங்க எண்டா சில்லு மட்காட்டச் சாப்பிடும். மறுகா நீங்க வண்டியில ஏற ஏணி வேணும்."

"ஏணியும் நீங்கதானே விப்பீங்க?" என்றார் நஜீம்.

"அது தம்பியிட கட. அங்காலப் பக்கம்."

முப்பத்திமூன்றைப் பூட்டினோம். ஓடிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாக அண்ணன் ஒத்துக்கொண்டார். வண்டி அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. கடற்கரைப் பாதையில் வரும்போது வேகமானியின் முள் ஐம்பதில் நின்றது. நாங்கள் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தோம். சில்லு பெருத்ததும் முள் பொய் சொல்லத் தொடங்கியிருந்தது. மேல் கியரில் இயந்திரம் தூக்கம் வந்தவன்போல இழுத்தது. நஜீம் ஒரு கியரைக் குறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி வந்தது. தாம்போதியில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் இறங்கலாம்? சில்லின் நடு வரைக்கும் வரலாம், அதற்கு மேல் கூடாது என்பது நஜீமின் சட்டம். அதற்கு மேல் போனால் சில்லுக்குள்ளும் அச்சுக்குள்ளும் தண்ணீர் புகும், ஓட்டமும் வண்டியைத் தள்ளும். யாராவது ஒருவர் முன்னால் நடந்து ஆழம் பார்க்க வேண்டும். அந்த யாராவது நான்தான் என்பது கேட்காமலே முடிவாகியிருந்தது.

சில்லின் பக்கத்தில் என்னை வெறுங்காலோடு நிறுத்தினார்கள். சில்லின் நடு என் காலில் எங்கே வருகிறதென்று நஜீம் கட்டையைப் பிடித்துப் பார்த்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

"கரியால ஒரு கோடு போடுங்க," என்றார்.

"கரி தண்ணியில போயிரும்." ராத்தா உள்ளே போய் மருதோண்டிக் கோன் ஒன்றைக் கொண்டுவந்தார். என் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "காயுமட்டும் அசையாத."

"மாப்பிள்ளைக்குக் கையில, எனக்குக் காலிலயா?"

"ஒனக்கு இது கெடச்சதே பெரிசு," என்றார் நஜீம்.

மருதோண்டி காயும்வரை நான் வீட்டுப் படியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். நஜீம் தன் வெற்றியை ராத்தாவுக்குக் காட்ட நினைத்து போனை எடுத்து அந்த வவுனியாக்காரனின் குரலைப் போட்டார். இந்த முறை நிறுத்த மறந்துவிட்டார்.

"அண்ணே, முப்பத்திமூண்டு தாராளமாப் போடுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை. கியர் ஒண்டும் மாத்தத் தேவையில்லை. சகன் எண்டா சாப்பாட்டுத் தட்டுத்தானே? இஞ்ச ஒராளிட்ட கேட்டனான். நாப்பது தட்டுச் சாப்பாடு என்ன பாரம், ரெண்டு ஆள் கூட ஏறின மாதிரித்தான். முப்பத்திமூண்டு தாராளமாப் போடுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை. கியர் ஒண்டும் மாத்தத் தேவையில்லை. உண்மையச் சொன்னா நாப்பது தட்டுக்கு ஜீப்பே தேவையில்லை, மோட்டார் சைக்கிள்ல ரெண்டு நடை போகலாம்."

ராத்தா கோனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"இவன் என்னத்தச் சொல்றான்?"

"தட்டு எண்டுதான் சொல்றான்," என்றேன்.

"ஒரு சஹன் எண்டா ஆறு பேருடா! நாப்பது சஹன் எண்டா இருநூத்தி நாப்பது பேர்! அவன் நாப்பது பேருக்குக் கணக்குப் பார்த்து டயர் சொல்லியிருக்கான்!" அவர் நஜீம் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லல்லையா, ஆறு பேர் எண்டு?"

"அது எல்லாருக்கும் தெரியுந்தானே?"

"ஆருக்கு?"

பிறந்ததிலிருந்து ஆறு பேராகச் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிட்டவனுக்கு, அப்படிச் சாப்பிடாத மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வராது. எனக்கும்தான் வரவில்லை. அந்தக் கேள்வியை அவர் பதியும்போது பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தவன் நான்.

ராத்தா குசினிக்குள் போய்ப் பெரிய சமையல் கிடாரங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வைத்தார்.

"தண்ணி நெரப்புங்க. நாளைக்கு ஏத்திப் பார்க்கிற."

அடுத்த நாள் காலை கிடாரங்களில் தண்ணீரை நிரப்பி ஏற்றினோம். சோறும் இறைச்சியும் ஆணமும் எவ்வளவு வரும் என்று ராத்தாவுக்குக் கைப்பழக்கம். அந்த அளவுக்குத் தண்ணீர். சம்மாந்துறைப் பாதையில், வயலுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு வாய்க்கால் கட்டு இருக்கிறது. அஸீஸா மாமியின் வீட்டுப் பக்கத்து மண்கட்டைவிட அது உயரமானதல்ல. நஜீம் முதல் கியரில் ஏற்றினார். பாதியில் இயந்திரம் மூச்சு வாங்கியது. கிளச்சை அரை மிதியில் பிடித்தார். எரிந்த மணம் வந்தது. வண்டி நின்றது. பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தார். கிடாரங்களிலிருந்து தண்ணீர் எழும்பி என் முதுகில் ஊற்றியது.

"லோவில போடுங்க," என்றேன். ஏற்றத்துக்கென்றே அந்த வண்டியில் இன்னொரு தடி உண்டு. அதைப் போட்டால் மெதுவாக ஆனால் இரட்டைப் பலத்தோடு இழுக்கும்.

போட்டார். இரண்டு முழம் ஏறியது. பிறகு அந்தத் தடி டக்கென்று தானாகவே துள்ளிக் கழன்றது. அந்த நோய் வண்டிக்கு முன்பே இருந்தது. நஜீமுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லவில்லை. பாரம் இல்லாமல் ஓடினால் அது வெளியில் தெரியாது.

ராத்தா பின்னால் கிடாரங்களுக்கு நடுவில் இருந்தார். அபாயா நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "இது ஆணமா இரிந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே காரைதீவுக்குப் போனோம். கனகசபாபதி அண்ணன் எங்களைத் தூரத்தில் கண்டதுமே சிரித்தார்.

"என்ன காக்கா, ஏணி வேணுமா?"

"முப்பத்தொண்டு தாங்க," என்றார் நஜீம். அவர் வாயால் அந்த இலக்கம் வந்தது. நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், அதற்கு அது நேரமில்லை.

முப்பத்தொன்றைப் பூட்டி அதே தண்ணீரோடு அதே கட்டுக்குப் போனோம். இயந்திரம் முனகியது, ஏறியது. கிளச் மணக்கவில்லை. மூன்று முறை ஏறி இறங்கினோம். மூன்றாவது முறை ராத்தா மூடிகளைத் துணியால் கட்டியிருந்தார். ஒரு சிரட்டைத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை.

ஆனால் எதுவும் சும்மா வருவதில்லை. டயர் இரண்டு அங்குலம் குறைந்தால் அச்சு ஓர் அங்குலம் இறங்கும். வீட்டுக்கு வந்து என்னை மறுபடியும் சில்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே ராத்தா இன்னொரு கோடு போட்டார். மேலேயிருப்பது முப்பத்திமூன்று, கீழேயிருப்பது முப்பத்தொன்று. கீழ்க்கோட்டுக்கு மேல் தண்ணீர் நின்றால் இறங்குவதில்லை. உடம்பை உயர்த்திய மூன்று அங்குலமும் இதில் ஒரு மயிருக்கும் உதவவில்லை. அதை நஜீமே சொன்னார். நான் சொல்லவில்லை.

கலியாணத்தன்று காலை மழை விட்டிருந்தது. ராத்தா விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே அடுப்பு மூட்டியிருந்தார். சோறு, மாட்டிறைச்சி, கோழி, ஆணம், அச்சாறு எல்லாம் ஏறின. அவர் பின்னால் ஏறிக் கிடாரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையை விரித்து மூடிகளைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளைத் தூங்கவைப்பவர்போல இருந்தார். உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

தாம்போதியில் சனம் நின்றது. உழவு மெசின் பெட்டிகளில் ஆட்களும் சைக்கிள்களும் ஆடுகளும் கடந்துகொண்டிருந்தன. தண்ணீர் மண்ணிறமாக, சத்தமில்லாமல் போனது. பாதையின் ஓரத்தை அடையாளம் காட்டும் கட்டைகளின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. மெசின் ஒன்றின் மேலிருந்து சீனித்தம்பி அண்ணன் எங்களைப் பார்த்தார். அந்தக் கரையில் மாரி முழுக்க ஆட்களைக் கடத்துபவர் அவர்.

"என்ன நஜீம் காக்கா, மாப்பிள்ளை உயரம், காலோ கட்டை! ஜீப்புக்குக் கால் நனைக்கப் பயமோ?"

"மணத்தப் பார்த்துக் கதைங்க அண்ணே," என்றார் நஜீம். "உள்ளுக்கு இரிக்கிறது கலியாணச் சோறு."

சாறனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்தது. ஓட்டம் காலைத் தள்ளியது. கட்டை கட்டையாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தாம்போதியின் பாதிக்குப் போய் நின்று குனிந்து பார்த்தேன். தண்ணீர் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றது.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்தேன், குறையுமென்று. குறையவில்லை. முப்பத்திமூன்று பூட்டியிருந்தால் கடந்திருப்போம், அக்கரையில் கட்டில் ஏறியிருக்க மாட்டோம். முப்பத்தொன்று கட்டில் ஏறும், இதைக் கடக்காது. எந்த டயரைப் போட்டாலும் சோறு ஒரு கரையில் நிற்கப்போகிறது. அந்த இடத்தில் எனக்கு ராத்தாவின் முகத்தைப் பார்க்கவே விருப்பமில்லை. ஆனாலும் திரும்பி நடந்தேன்.

"நடுவுல நிக்கிது," என்றேன். "ரெண்டு கோட்டுக்கும் நடுவுல."

நஜீம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். "நான் அப்பவே சொன்ன, முப்பத்திமூணு எண்டு."

"அப்பவே சொன்னீங்க, நேத்து மாத்தினீங்க. பேசாம இரிங்க," என்றார் ராத்தா.

பகல் லுஹர் தொழுகைக்கு இன்னும் அதிக நேரம் இருக்கவில்லை. அக்கரையில் பாயை விரித்துக்கொண்டிருப்பார்கள். ராத்தா மூடிகளிலிருந்து கையை எடுத்தார்.

"எங்கால நடந்த?"

"எங்காலயா? தாம்போதியாலதான்."

"தாம்போதியில எங்கால?"

"கட்டையப் புடிச்சிட்டு. ஓரத்தால."

"ஜீப்பும் கட்டையப் புடிச்சிட்டா போற?"

நஜீம் நெற்றியை எடுத்தார். எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்குவதற்குள் ராத்தா பின்னாலிருந்து இறங்கிவிட்டார். அபாயாவை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு சனமும் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். ஓரத்தால் அல்ல. நட்ட நடுவால்.

"ராத்தா, கட்டையப் புடிங்க!" என்று கத்தினேன்.

"ஒன்ட கட்டைய நீ வெச்சிக்க! இஞ்ச வா! நடுவுக்கு வந்து கோட்டக் காட்டு!"

போனேன். பிடிக்க ஒன்றுமில்லாமல் நடக்கும்போதுதான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று தெரிந்தது. நடுவில் தரை கெட்டியாக, உயர்ந்து இருந்தது. பாதைகளை அப்படித்தான் போடுவார்கள், நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து, மழைத் தண்ணீர் வழிந்து போவதற்கு. ஓரம் வருஷா வருஷம் அரித்தும் போயிருக்கும். ராத்தா குனிந்து என் காலைப் பார்த்தார். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு மூன்று விரல் கீழே ஓடியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கழுத," என்றார்.

கரையில் சனம் சிரித்தது. சீனித்தம்பி அண்ணன் சிரிக்கவில்லை. மெசினை உசுப்பினார்.

"தங்கச்சி ஏறுங்க. நான் முன்னால போய்த் தண்ணிய வெட்டித் தாறன். காக்கா, என்ட தடத்தால வாங்க. ஓடாதீங்க, நடந்து வாங்க."

நஜீம் முதல் கியரில், காலைக் கழுவப் போகிறவனின் நிதானத்தில் இறக்கினார். எனக்குப் பின்னால் மூடிகள் மெல்லச் சிணுங்கின. மெசினுக்குப் பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து மூடியது. சில்லின் நடுவை நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது முழு வழியும் தண்ணீருக்கு மேலேயே சுற்றியது. பாதி வழியில் நஜீம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ராத்தா பின்னாலிருந்து, "கதைக்காதீங்க," என்றார்.

முன் சில்லு உலர்ந்த தரையைத் தொட்டதும் நஜீம் ஒரு நீண்ட மூச்சை விட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் விட்டோம் என்று நினைக்கிறேன்.

வாய்க்கால் கட்டு மிச்சமிருந்தது. மழைக்குக் களிமண் வழுக்கலாயிருந்தது. நஜீம் இறங்கி முன் சில்லுகளின் பூட்டைத் திருப்பி நாலு சில்லிலும் போட்டார், முதல் கியர். இயந்திரம் முனகியது. நேற்றுக் கேட்ட அதே முனகல். அந்தச் சத்தம் எனக்குப் பழகியிருந்தது. நடுவில் ஒருமுறை சில்லு சறுக்கியது, பிடித்தது, ஏறியது. கட்டின் மேலிருந்து பார்த்தால், பலகை அடித்து முற்றத்துத் தண்ணீருக்கு மேலே உயர்த்திய அஸீஸா மாமியின் வீட்டுப் பந்தல் தெரிந்தது. ஆட்கள் தொப்பியோடு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் உட்காரவில்லை.

"ரெண்டு யாசீன் ஓதிட்டன் புள்ள," என்று அஸீஸா மாமி ஓடி வந்தார். "மூணாவது தொடங்கிட்டன்."

"அத என்ட தம்பிக்கு ஓதுங்க மாமி," என்றார் ராத்தா. "அவனுக்குத்தான் தேவ."

மூடிகளைத் திறந்தோம். சோறு ஆவியோடு இருந்தது. ஆணக் கிடாரத்தின் மூடியில் உள்பக்கம் ஒரு வளையம் படிந்திருந்தது. சிந்தியது அவ்வளவுதான். ராத்தா அதை விரலால் வழித்து நக்கிப் பார்த்தார். பிறகு சஹன்களை எடுக்கச் சொன்னார். ஆறு ஆறு பேராகச் சனம் உட்கார்ந்தது. நாற்பதாவது சஹன் போனபோது கிடாரத்தில் இன்னும் சோறு இருந்தது. வாசலில் நின்ற ஒரு மனிதர், சமைத்தது எந்தப் பண்டாரி என்று கேட்டார். அஸீஸா மாமி சொன்னார். அவர் இன்னொரு தரம் கேட்டார். பிறகு அடுத்த மாதம் தன் வீட்டிலும் ஒரு விசயம் இருப்பதாகச் சொன்னார். ராத்தா அதைக் கேட்டும் கேளாதவர்போல அகப்பையைக் கழுவினார். கழுவிய அகப்பையையே மறுபடியும் கழுவினார்.

திரும்பி வரும் வழியில், கட்டுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, மிஞ்சிய சோற்றைச் சாப்பிட்டோம். சீனித்தம்பி அண்ணனுக்குக் கோழியோடு தனியாகக் கட்டி வைத்திருந்தார் ராத்தா. நஜீம் போனை எடுத்து ராத்தாவின் வாய்க்கு நேரே பிடித்தார்.

"அந்த வவுனியாப் பொடியனுக்கு ஒரு வார்த்த சொல்லு."

"தம்பி," என்றார் ராத்தா போனுக்குள், "ஒரு சஹன் எண்டா ஆறு பேர். இனி ஆராவது கேட்டா ஆறால பெருக்கு. முப்பத்தொண்டு டயர் போட்டுத்தான் வந்து சேர்ந்த. வேற ஒண்டுமில்ல."

பதில் நாங்கள் தாம்போதிக்கு வருவதற்குள் வந்துவிட்டது.

"ஐயோ அக்கா, குறை நினைக்காதேங்கோ. இருநூத்தி நாப்பது பேர் எண்டா நான் முப்பத்தொண்டுக்கு மேல சொல்லியிருக்கவே மாட்டன். ஆனா ஒண்டு கேக்கிறன். ஆறு பேரும் ஒரே தட்டிலயோ? சண்டை வாறேல்லையோ?"

ராத்தா சிரிக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல். வெறும் கிடாரங்களுக்கு நடுவில் சாய்ந்துகொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வரும்வரை சிரித்தார். கிடாரங்களும் சேர்ந்து அதிர்ந்தன. நஜீம் வண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வற்றியதுபோலத் தெரிந்தது. அப்படித் தெரிவதை நம்ப முடியாது.

நான் சாறனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கை தானாக முதல் கட்டையைத் தேடிப் போனது.

"நடுவுல!" என்றார்கள் இரண்டு பேரும்.